‘நார்மல்’னு போட்டிருந்ததே, பிறகு எப்படி?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்த ஆடியிலும் ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, சுரண்டையில் பெரியம்மா மகன் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். சாயங்காலம் மைனியும் நானும் திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சுக்கு நடுவே மைனி எழுந்து உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் மருந்துச் சீட்டுகள், ஒரு இ.சி.ஜி. தாள், நாலாக மடித்த லேப் ரிப்போர்ட் ஒன்று.

“நீ பத்திரிகைக்கெல்லாம் எழுதுதியே, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. இது கொழுந்தனோடது. இந்தா, ‘நார்மல்’னு போட்டிருக்குல்லா? பொறவு எப்படிளா?”

பிறகு எப்படி? எட்டு மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான். சின்ன அண்ணனுக்கு வயது 41. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. ஒல்லியான உடம்பு. ஒரு நாள் விடிகாலையில் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றப் போனவர் ‘நெஞ்சை என்னவோ செய்யுது’ என்று உட்கார்ந்தார். ‘வாய்வா இருக்கும்’ என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் ஏதோ ஒரு முகாமில் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கொலஸ்ட்ரால் 188. பக்கத்திலேயே ‘200-க்குக் கீழ் நார்மல்’ என்று அச்சடித்திருக்கிறது. அந்தத் தாளை நம்பித்தான் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

பெரியப்பா போனதும் இப்படித்தான். அவருக்கு அப்போது 50. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில். அந்தக் காலத்தில் அதை விதி என்று சொல்லி முடித்துவிட்டோம்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் எனக்குப் பழக்கமான டாக்டரம்மா ஒருவர் தென்காசியில் இருக்கிறார். மறுநாள் மைனியையும் மஞ்சள் பையையும் சேர்த்து அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்று அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. கணக்கு கொஞ்சம் வரும். பயப்படாதீர்கள், பால் கணக்கை விடச் சுலபம்.

டாக்டரம்மா தாளைப் பார்த்ததும் முதலில் சொன்னது இது: “இதுல மொத்தக் கொலஸ்ட்ரால் ஒண்ணுதான் பாத்திருக்காங்க. இதை மட்டும் வச்சுக்கிட்டு ஒருத்தருக்கு இதயம் நல்லா இருக்கு, இல்லைன்னு சொல்லவே முடியாதும்மா. வீட்டுல மொத்தம் அஞ்சு பேருன்னு சொன்னா, அதுல சம்பாதிக்கிறவங்க எத்தனை, செலவு பண்றவங்க எத்தனைன்னு தெரியுமா?”

மைனிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

ரசத்தில் நெய் விட்டால் மேலே மிதக்கிறது அல்லவா? கொழுப்பு தண்ணீரில் கரையாது. நம் ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் கொழுப்பு தனியாகப் பயணம் செய்ய முடியாது. புரதத்தால் ஆன குட்டிக் குட்டி வண்டிகளில் ஏற்றித்தான் ஈரல் அதை உடம்பெங்கும் அனுப்புகிறது. எல்.டி.எல். என்பது அப்படி ஒரு வண்டி. ஈரலிலிருந்து சரக்கோடு கிளம்பிப் போவது. ரத்தக்குழாயின் உட்சுவரில் புகுந்து தங்கிவிடுவதும் இதுதான். எச்.டி.எல். மிச்சச் சரக்கைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுவரும் வண்டி. டிரைகிளிசரைடு என்பது இன்னொரு வகைச் சரக்கு. நாம் தின்று செலவழியாத சோறும் சர்க்கரையும்கூட ஈரலில் இப்படி மாறி வண்டி ஏறிவிடும்.

சுரண்டையிலிருந்தும் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்தும் கேரளாவுக்குக் காய்கறி போவதை நம் பக்கத்துச் சகோதரிகள் தினமும் பார்க்கிறீர்கள். ஒரே அளவு வெண்டைக்காயை இரண்டு பெரிய லாரியிலும் அனுப்பலாம், இருபது ‘குட்டியானை’யிலும் அனுப்பலாம். எடை ஒன்றுதான். ஆனால் ஊருக்குள் இருக்கும் குறுகலான தெருவில் எது நெரிசலை உண்டாக்கும்? இருபது குட்டியானைகள்தானே! ரத்தக்குழாய் விஷயத்திலும் இதே கதை. வழக்கமாக எடுக்கும் ‘லிப்பிட் புரொஃபைல்’ டெஸ்ட்டில் எல்.டி.எல். என்று வரும் எண், சரக்கின் எடை. வண்டிகள் எத்தனை என்று அது சொல்வதில்லை. குழாய்ச் சுவரில் போய் முட்டுவதோ வண்டிகள்.

வண்டியை எண்ணத்தான் ‘அப்போ-பி’ என்ற டெஸ்ட். எல்.டி.எல். போன்று கெடுதல் செய்யும் வண்டி ஒவ்வொன்றிலும் இந்த அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், நம்பர் பிளேட் மாதிரி. பிளேட்டை எண்ணினால் வண்டியை எண்ணியதாயிற்று. 2004-இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ என்ற பெரிய ஆய்வை 52 நாடுகளில் நடத்தினார்கள். தலைமை தாங்கியவர் டாக்டர் சலீம் யூசுப். செங்கோட்டை தாண்டிக் கொல்லம் ரயிலில் போனால் கொட்டாரக்கரை வருமே, அந்த ஊர்க்காரர். மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, புகைபிடித்தல், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றோடும் சேர்த்து முன்னணியில் நின்றது இந்த அப்போ-பி கணக்குதான். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. முதல் மாரடைப்பு நம் தெற்காசியாக்காரர்களுக்கு 53 வயது வாக்கில் வருகிறது. மற்ற நாட்டவர்களுக்கு 59 வாக்கில். ஆறு வருஷம் முந்திக்கொள்கிறோம். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று தலைக்கு மேல் பொறுப்பு இருக்கிற வயது!

“அப்படின்னா எல்லாரும் அப்போ-பி பாக்கணுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். முதல்ல கையிலே இருக்கிற ரிப்போர்ட்டை ஒழுங்காப் படிக்கக் கத்துக்கோங்க” என்றார் டாக்டரம்மா. மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு கணக்கு எழுதிக் காட்டினார்.

ஒரு பெண்ணுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 58, டிரைகிளிசரைடு 90, எல்.டி.எல். 114. இன்னொரு பெண்ணுக்கும் மொத்தம் அதே 190. ஆனால் எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 240, எல்.டி.எல். 108. யாருக்கு ஆபத்து அதிகம்? எல்.டி.எல்.-ஐ மட்டும் பார்த்தால் முதல் பெண்ணுக்கு என்றுதான் சொல்லத் தோன்றும். இப்போது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். முதல் பெண்ணுக்கு 132. இரண்டாவது பெண்ணுக்கு 156! நல்ல வண்டியை ஒதுக்கிவிட்டால் மீதி இருப்பதெல்லாம் கெட்ட வண்டிகளின் சரக்கு. இதற்கு ‘நான்-எச்.டி.எல்.’ என்று பெயர். காலணா செலவில்லை, பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கு. சில லேப்களில் அவர்களே போட்டுக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு இருக்கலாம்? இந்திய இதயவியல் மருத்துவர் சங்கம் 2024-இல் நம் நாட்டுக்கென்று முதல்முறையாக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி சாதாரணமாக எல்.டி.எல். 100-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 130-க்குக் கீழ் இருக்கவேண்டும். சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு மாதிரி தொந்தரவு இருப்பவர்களுக்கு 70, 100. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55, 85. எல்.டி.எல். எண்ணோடு 30-ஐக் கூட்டினால் மற்றது வந்துவிடும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஆக, லேப் தாளில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ எல்லோருக்கும் பொதுவானது. சர்க்கரை உள்ள மாமியாருக்கும் கல்லூரி போகும் மருமகளுக்கும் ஒரே அளவு ஜாக்கெட் தைத்த மாதிரிதான் அது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கழித்தல் ரொம்ப முக்கியம். ஏன் தெரியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்களும் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்த கணக்கு 2014-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 79 பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒன்று சரியில்லை. ஆனால் எல்.டி.எல். கூடுதலாக இருந்தது சுமார் 12 பேருக்குத்தான். எச்.டி.எல். குறைவு 72 பேருக்கு! டிரைகிளிசரைடு கூடுதல் 30 பேருக்கு. எச்.டி.எல். குறைந்தால் மொத்தக் கூட்டலும் குறைந்து, பார்க்க அழகாக ‘188 நார்மல்’ என்று வந்து நிற்கும். வெள்ளைக்காரன் நாட்டுக்குப் பொருந்துகிற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நாம் ஏமாந்துபோவது இப்படித்தான்.

சரி, அப்போ-பி யாருக்கு? சர்க்கரை, தொப்பை, டிரைகிளிசரைடு 150-க்கு மேல் என்று இருப்பவர்களுக்கு எல்.டி.எல். எண் ஏமாற்றும். அவர்களுக்கு டாக்டர் சொன்னால் பார்க்கலாம். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 80-க்குக் கீழும், மாரடைப்பு வந்தவர்களுக்கு 65-க்குக் கீழும் இருப்பது நல்லது என்கிறார்கள். ஒரு சமாசாரம்: பல லேப்களில் எல்.டி.எல்.-ஐ நேராக அளப்பதே இல்லை. 1972-இல் ஃப்ரீட்வால்ட் என்பவர் கொடுத்த சூத்திரத்தை வைத்து மற்ற எண்களிலிருந்து கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

இத்தனை நேரம் பேசியும் சின்ன அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு விடை கிடைக்கவில்லை. மைனியும் அதைத்தான் கேட்டார். டாக்டரம்மா தாளை மடித்து வைத்துவிட்டு, “அவங்க அப்பாவுக்கும் 50 வயசுல இதே மாதிரின்னு சொன்னீங்கள்ல? அப்ப இன்னொண்ணு பாத்திருக்கணும்” என்றார்.

அந்த இன்னொன்றின் பெயர் லைப்போபுரோட்டீன் (ஏ). லேப்பில் ‘எல்.பி. லிட்டில் ஏ’ என்பார்கள். இதைக் கண்டுபிடித்தவர் நார்வே நாட்டு டாக்டர் கோரே பெர்க். வருஷம் 1963. எல்.டி.எல். வண்டிதான், ஆனால் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்தான் வில்லங்கம். குழாய்ச் சுவரில் சுலபமாக ஒட்டிக்கொள்வதோடு, ரத்தம் உறைவதற்கும் துணைபோகிறது. இது எவ்வளவு இருக்கும் என்பது ஏறக்குறையப் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஐந்து வயது வாக்கில் எந்த அளவோ, கிட்டத்தட்ட அதே அளவுதான் கடைசி வரைக்கும். சாப்பாட்டாலும் நடையாலும் பெரிதாகக் குறையாது. ஒல்லியா குண்டா என்றும் பார்க்காது. மூக்கும் முழியும் மாதிரி அப்பா அம்மாவிடமிருந்து வருவது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சாதாரண லிப்பிட் டெஸ்ட்டில் இது தனியாகத் தெரியாது. கேட்டுத்தான் எடுக்கவேண்டும். தென்னிந்தியாவில் சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் இதய நோய்க்கு இதுவும் தனிப்பட்ட காரணம் என்று சென்னை டாக்டர் மோகன் குழுவினர் 1998-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2024 நெறிகளின்படி 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடுதல். இந்தியர்களில் நாலு பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கிறதாம். ஆயுளில் ஒரே ஒரு தடவை எல்லோரும் பார்த்துக்கொள்வது நல்லது, குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் கட்டாயம் பார்க்கவேண்டும் என்கிறார்கள். வருஷா வருஷம் எடுக்கிற செலவு இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். சில லேப்களில் மில்லிகிராமுக்குப் பதில் நானோமோல் என்ற அளவில் கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் 125 என்பதுதான் ஏறத்தாழ நம் 50. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீணாகப் பயந்துபோவீர்கள். மற்றொன்று, ‘அப்போ-ஏ-ஒன்’ என்று வேறொரு டெஸ்ட் இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி காதில் விழும், விஷயம் வேறு. சீட்டைக் காட்டியே கேளுங்கள்.

“கூடுதலா இருந்து, குறைக்க மருந்தும் இல்லைன்னா தெரிஞ்சு என்ன புண்ணியம்?” என்றார் மைனி. நியாயமான கேள்விதான். இதற்கென்றே ஊசி மருந்துகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. அது வரும்வரை மற்ற கதவுகளையெல்லாம் சாத்தலாமே! எல்.டி.எல்.-ஐ ஊரார் அளவுக்கு வைத்துக்கொள்ளாமல் இன்னும் கீழே இறக்குவது, ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, வீட்டில் ஒருவரும் புகைக்காமல் இருப்பது. இவர்களுக்கு டாக்டர்கள் மாத்திரையைச் சீக்கிரமே ஆரம்பிப்பார்கள். சின்ன அண்ணனுக்கு இதுதான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதே ரத்தம் பெரிய அண்ணனிடம் ஓடுகிறது. மைனியின் மகனிடம் ஓடுகிறது. தகப்பனை இழந்த அந்த இரண்டு பிள்ளைகளிடமும் ஓடுகிறது.

இதே பரம்பரை விஷயத்தில் நம் பக்கத்துக்கென்று இன்னொன்றும் சொல்லவேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே எல்.டி.எல். 190-க்கு மேல் இருக்கும். ஈரல், எல்.டி.எல். வண்டியை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கதவு வைத்திருக்கிறது. அந்தக் கதவைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறவியில் கதவு பாதிதான் திறக்கும் என்றால் வண்டியெல்லாம் வெளியிலேயே சுற்றும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இப்படி. கண் இமை ஓரத்தில் மஞ்சள் திட்டு, குதிகால் நரம்பில் கெட்டியான புடைப்பு இருந்தால் சந்தேகப்படலாம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கும் குடும்பங்களில் புருஷன் மனைவி இருவருக்கும் இதே குறை இருந்துவிட்டால், பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு இரட்டைப் பங்காக வரக்கூடும். அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம். சொந்தத்தில் சம்பந்தம் பேசும்போது நகை எத்தனை பவுன் என்று கேட்கிறோம். தாத்தா எந்த வயதில், எதனால் போனார் என்றும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

இதெல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கப் போனபோது டாக்டரம்மா மைனியைப் பார்த்துக் கேட்டார்: “உங்களுக்கு எப்ப பாத்தீங்க?”

மைனி சிரித்தார். “எனக்கு எதுக்கு? அவியளுக்குத்தான் பாக்கணும். ஆம்பளையளுக்குல்லா ஹார்ட் அட்டாக்கு வரும்.”

அடுத்த பத்து நிமிஷம் டாக்டரம்மா மைனியை நன்றாகவே பிடித்துக்கொண்டார். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது மைனிக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது என்று அதோடு விட்டாச்சு, பதினாலு வருஷம்! கர்ப்ப காலத்தில் சர்க்கரை, கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்பு, கால் வீக்கத்தோடு ஜன்னி வரை போனவர்கள், மாதவிலக்குக் கோளாறோடு சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள், நாற்பது வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றவர்கள் – இவர்கள் அத்தனை பேருக்கும் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களை விட அதிகம். இன்டர்ஹார்ட் கணக்கில் பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களை விட ஒன்பது வருஷம் வாக்கில் பிந்தித்தான் வருகிறது. வராது என்று அர்த்தமில்லை! மாதவிலக்கு நின்ற பிறகு எல்.டி.எல். மெள்ள ஏற ஆரம்பிக்கும். அந்த வயதில் நாம் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருப்போம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு விஷயம். கர்ப்பமாக இருக்கும்போது கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் இயற்கையாகவே ஏறும். குழந்தைக்கு வேண்டியிருக்கிறது. அப்போது எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து மிரளவேண்டாம். பிரசவம் ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். காய்ச்சலோ பெரிய நோயோ வந்து எழுந்தவுடனும் பார்க்காதீர்கள், எண் குறைத்துக் காட்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எல்.டி.எல். கூடும் என்பதால், பெண்களுக்கு அதையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. தைராய்டைச் சரிசெய்தாலே கொழுப்பு இறங்கியவர்கள் உண்டு.

வெறும் வயிற்றோடு விடிகாலையில் பஸ் ஏறி லேப்புக்குப் போய் மயங்கி விழுகிற கஷ்டமும் முதல் டெஸ்ட்டுக்கு வேண்டாம். சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம் என்பதை 2024 நெறிகள் ஒப்புக்கொள்கின்றன. டிரைகிளிசரைடு ரொம்பக் கூடுதலாக வந்தால் மட்டும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். பதினெட்டு வயதில் முதல் தடவை பார்த்துவிடவேண்டும் என்பது அந்த நெறி. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதற்கும் முன்பே.

வேண்டாத டெஸ்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘எண்பது டெஸ்ட், ஒரே விலை’ என்று நோட்டீஸ் வருகிறதே, அதைப் பார்த்து மயங்காதீர்கள். எல்.டி.எல். வண்டியின் பருமன் அளப்பது, வகை வகையாகப் பிரிப்பது என்றெல்லாம் விலை அதிகமான டெஸ்ட்டுகள் இருக்கின்றன. நம் வைத்தியத்தை அவை பெரும்பாலும் மாற்றப்போவதில்லை. அந்தக் காசில் வீட்டில் இரண்டு பேருக்கு எல்.பி. (ஏ) பார்த்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுப்பங்கரைக்கு வருவோம். எல்.பி. (ஏ)-க்குச் சமையல் உதவாவிட்டாலும், நம் பக்கத்து எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல் என்ற ஜோடிக்கு அது ரொம்பவே உதவும். முதல் குற்றவாளி எண்ணெய் என்று நினைப்போம். இல்லை! தட்டு நிறையச் சோறு, மைதா, மூன்று வேளைக் காப்பி டீயில் போடும் சீனி. சோற்றை ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் பயறோ, கீரையோ, அவியலோ வையுங்கள். செங்கோட்டை பார்டர் பரோட்டாவை யாரும் அடியோடு விடச் சொல்லவில்லை. சீசனுக்கு ஒரு தடவை என்றால் சரி, வாரம் மூன்று தடவை பார்சல் வந்தால்தான் வம்பு. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் கணக்கில் வாங்கிப் பாருங்கள், நாலு பேருக்கு இரண்டு லிட்டர். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு உறையும் கொழுப்பு. அதனால் தாளிதத்துக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் காய்ச்சுவது வேண்டாம். டால்டா வகைகளில் இருக்கும் கெட்ட கொழுப்பை 100-க்கு 2-க்கு மேல் விடக்கூடாது என்று 2022 முதல் சட்டமே வந்துவிட்டது. டின்னில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருப்பதைப் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது!

காலை முதல் இரவு வரை பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிற சகோதரிகள் நம் தென்காசிப் பக்கம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வீட்டு வேலை செய்கிறோமே, அதுவே போதும் என்று நினைக்காமல் தினம் அரைமணி நேரம் கைவீசி நடக்கவேண்டும். எச்.டி.எல். விஷயத்தில் நடைக்கு நிகரான மாத்திரை இல்லை.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே’ என்று கொழுப்பு மாத்திரையைக் கண்டு பயப்படுகிறோம். எழுபதுகளில் ஜப்பானியர் அகிரா எண்டோ அரிசியில் பூத்த பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த மருந்துதான் ஸ்டாட்டினின் மூலம். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக உலகெங்கும் சாப்பிடுகிறார்கள். உடம்பு வலித்தால் டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். நீங்களாக நிறுத்தவேண்டாம். பிள்ளை பெற்றுக்கொள்ளும் உத்தேசம் இருப்பவர்கள் மட்டும் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் இதை நிறுத்திவிடுவார்கள்.

நெஞ்சில் பாரம், தாடையிலோ முதுகிலோ வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி – பெண்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலியே இல்லாமல்கூட வரும். சோடா வேண்டாம், 108-க்குப் போன் செய்யுங்கள். முதலுதவியாக 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிற கிராமத்துக்காரர்களுக்காக வந்த ஏற்பாடு. பக்கத்து நிலையம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து மைனியிடமிருந்து போன்.

“அவியளுக்கு எல்.டி.எல். 118. அந்த வால் உள்ளது இருக்குல்லா, அது 94! டாக்டரம்மா மாத்திரை குடுத்திருக்காவ. மூணு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்காவ.”

“நீங்க பாத்தீங்களா மைனி?”

“பாத்தேன், பாத்தேன். மொத்தம் 196, நல்லது 38. நானே கழிச்சுப் பாத்துட்டேன், 158. டிரைகிளிசரைடு 235. சர்க்கரையும் எல்லையில நிக்குதாம். ராத்திரிச் சோத்தை நிறுத்தியாச்சு. சாயங்காலம் ரெண்டு பேரும் நடக்கோம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “பயலுக்குச் செமஸ்டர் பரீட்சை முடியட்டும்னு இருக்கோம். கொழுந்தன் பிள்ளைகள் ரெண்டையும் தீபாவளி லீவுக்கு அவ கூட்டிட்டு வாரா, அப்ப அதுகளுக்கும் பாக்கணும். லேப்காரர்ட்ட ‘மில்லிகிராமா, நானோமோலா’ன்னு கேட்டேன் பாரு, அந்த மனுசன் என்னை ஒரு மாதிரி நிமிந்து பாத்தாரு!”